அண்ணி போட்ட ஓ.டி. கணக்கு

என் லேப்டாப்பை அண்ணி தன் பக்கமாகத் திருப்பிக்கொண்ட அந்த நொடி இன்னும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. தில்லைநகரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். சென்னையிலிருந்து படப்பிடிப்புக்கு வருகிறவர்களுக்குத் திருச்சி பக்கத்து ஏற்பாடுகளைச் செய்து கொடுத்து, அதற்கான பட்ஜெட்டையும் போட்டுத் தருவோம். அன்று எதிரில் ஒரு வெப் சீரிஸ் டைரக்டர் உட்கார்ந்திருந்தார். "ஒரு நிமிஷம்டி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, நான் போட்டிருந்த எக்செல் கணக்கை மூடி, ஆபீஸில் புதிதாக வாங்கியிருந்த பட்ஜெட் சாஃப்ட்வேரை அண்ணி திறந்தாள். என் கணக்கைச் சேமித்துவிட்டுத்தான் மூடினாள். அதில்கூட அவளைக் குறை சொல்ல முடியாது.

கல்லூரியில் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. நான்தான் அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். அப்படி வந்துபோனவள் ஒரு நாள் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். "இனிமே வாடி போடியெல்லாம் வேணாம், அண்ணின்னு மரியாதையா கூப்பிடு" என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து நான் 'வாங்க, போங்க' என்றேன். அவள் மட்டும் பழையபடி என்னை 'டி' போட்டே கூப்பிட்டாள். எழுதும்போதாவது அவளை 'அவள்' என்று சொல்லிக்கொள்கிறேன்.

அந்த டைரக்டருக்கு ஒரே நாளில் இரண்டு காட்சிகள் வேண்டும். விடியும்போது காவிரிக்கரை அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஒன்று, விளக்கு வைத்த பிறகு ஸ்ரீரங்கத்துத் தெருவில் கோபுரம் தெரிய இன்னொன்று. காலையிலிருந்து இரவு வரை யூனிட்டை அப்படி நிறுத்தி வைத்தால் ஓ.டி., அதாவது கூடுதல் நேரச் சம்பளம், எகிறிவிடும் என்று முந்தைய மீட்டிங்கிலேயே நான் சொன்னேன். "பாத்துக்கலாம்மா" என்று அவர் போனை எடுத்துக்கொண்டார். என் கணக்கில் ஓ.டி. என்பது மொத்தச் சம்பளத்தின் மேல் போட்ட ஒரு சதவீதம், ஒரே ஒரு வரி. அண்ணி ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக நேரம் கொடுத்திருந்தாள். லைட்மேன்களும் மேக்கப்காரர்களும் கேமராவுக்கு முன்னாலேயே வந்து, எல்லாரும் போன பிறகு கிளம்புகிறவர்கள். அவர்களுக்கு ஓ.டி. முதலில் தொடங்கிவிடும். இரவுக் காட்சியை அடுத்த நாளுக்கு நகர்த்தி அவள் ஒரு தட்டு தட்டினாள். அத்தனை வரிகளிலும் தொகை ஒன்றன்பின் ஒன்றாக இறங்கியது. டைரக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இத யாருமே எங்கிட்ட சொல்லலையே!"

"இவ போன மீட்டிங்லயே சொன்னா சார்" என்றாள் அண்ணி.

அவர் என்னைப் பார்த்து ஒரு முறை தலையசைத்துவிட்டுத் திரும்பவும் திரையைப் பார்த்தார். நல்ல பேரை அவள் தட்டிப் பறித்திருந்தால் அன்றைக்கே சண்டை போட்டிருப்பேன். எனக்குச் சேர வேண்டியதை எனக்கே எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவளிடம் கோபப்படக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று. எனக்குள் எரிந்தது பொறாமை என்று ஒத்துக்கொள்ள வெகுநாளாயிற்று.

படப்பிடிப்பில் இன்னொன்றும் நடந்தது. ஸ்ரீரங்கத்துத் தெருவில் விளக்கெல்லாம் கட்டி முடித்த நேரத்தில் பெருமாள் புறப்பாடு வந்துவிட்டது. யூனிட் மொத்தமும் ஓரமாக ஒதுங்கி நிற்க, வேலை இழுத்துக்கொண்டே போனது. இப்படி நேரம் போனால் மறுநாள் தயாரிப்பு மேனேஜரிடம் போய் அந்தப் பணத்துக்காக மல்லுக்கு நிற்பது என் வேலை. எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். இந்த முறை அதற்கும் பட்ஜெட்டிலேயே இடம் விட்டிருந்தாள் அண்ணி. பேக்கப் ஆனதும் லைட்மேன்களுக்குத் தலைவராக இருந்த பெரியவர் நேரே அவளிடம் போய், "இந்த வாட்டி யார்கிட்டயும் கெஞ்சல மேடம்" என்றார். அவர்களுக்காக நான் கெஞ்சிய நாளில் என்னிடம் யாரும் இப்படி வந்து நின்றதில்லை. என்னைத் தாண்டித்தான் அவர் வேனுக்குப் போனார். "வரேன் தங்கச்சி" என்றார்.

அந்த வெப் சீரிஸை எடுத்த சென்னைக் கம்பெனி பட்ஜெட் போட ஓர் ஆள் கேட்டபோது எனக்கும் ஆசை இருந்தது. அண்ணியைக் கூப்பிட்டார்கள். அவளுக்குக் கைக்குழந்தை. பொன்மலை ஒர்க்‌ஷாப் வேலையை விட்டு அண்ணனால் நகர முடியாது. எப்படியும் முடியாதென்று சொல்லிவிடுவாள், அடுத்து என்னைத்தான் கேட்பார்கள் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் அவள் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"கிளம்புத்தா. நான் கூட வரேன். புள்ளைய நான் பாத்துக்குறேன்."

படிப்பு முடிந்ததும் எனக்கும் சென்னையில் ஒரு வேலை கிடைத்தது. பொட்டப்புள்ள தனியா அவ்வளவு தூரம் போவதா என்று அழுது தடுத்தது இதே அம்மாதான். அன்று என்னோடு வருகிறேன் என்று சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. நான் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது முதுகில் தெரிந்தது.

இப்போது அண்ணியும் குழந்தையும் அம்மாவும் சென்னையில் இருக்கிறார்கள். அண்ணனுக்கும் எனக்கும் நான் சமைத்துவிட்டு ஆபீஸ் போகிறேன். அந்த சாஃப்ட்வேர் எனக்கு நன்றாகவே கைவந்துவிட்டது. ஆனாலும் போன வாரம் ஒரு சந்தேகம். சனிக்கிழமை தொடங்குகிற வேலை நள்ளிரவைத் தாண்டினால் மிச்ச நேரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ரேட்டா, சனிக்கிழமை ரேட்டா? வேறு வழியில்லாமல் அண்ணிக்கு போன் போட்டேன்.

"நீ என்னடி போட்டிருக்க?"

"வேலை தொடங்குன நாளோட ரேட்டையேதான் அண்ணி."

"அதேதான். நீ போட்டா சரியாத்தான் இருக்கும்."

அவள் குரலில் பொய் இல்லை. சரி, வைக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது அந்தப் பக்கம் எட்டத்தில் அம்மாவின் குரல் கேட்டது. வாசலில் யாரோ பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஷூட்டிங்குக்கு எவ்வளவு ஆகும்னு எம் பொண்ணு உக்காந்த இடத்துலயே கரெக்டா சொல்லிருவா."

அம்மா யாரைச் சொன்னாள் என்று நான் அண்ணியிடம் கேட்கவில்லை. போனை வைக்காமல் இன்னொரு சந்தேகத்தைக் கேட்டேன்.