முதலாளி என்று அழைத்த அம்மா

அம்மா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்ததும் "என்ன முதலாளி" என்று சிரிப்பீர்கள். பெற்ற தாயே மகனை அப்படி அழைத்தது நம் குடும்பத்தில் பழைய வேடிக்கை. அது எப்படித் தொடங்கியது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அம்மா பிறந்தது மட்டாஞ்சேரியில். தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்த தச்சர் குடும்பம். தாத்தா சீக்கிரமே காலமாகிவிட, குடும்பத்தைத் தாங்கியவர் அம்மாவின் அண்ணன், அதாவது எங்கள் மாமா. அவர் வெலிங்டன் தீவு அலுவலகங்களுக்கு நாற்காலி செய்வார். பத்து வயதில் அம்மா அவற்றுக்குப் பிரம்பு பின்னுவார். பின்னாளில் அப்பா இறந்தபோது எங்கள் மூவரையும் படிக்கவைத்ததும் அந்தப் பிரம்புதான். நான் பழைய மரச்சாமான் கடை வைத்தேன். பின்கட்டில் உட்கார்ந்து, கிழிந்த இருக்கைகளையெல்லாம் அம்மா பின்னித் தந்தார்.

எட்டு வருடங்களுக்கு முன் சென்னையிலிருந்து ஒரு தம்பதி கடைக்கு வந்தார்கள். ஒரு தேக்கு நாற்காலி அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. திருப்பூணித்துறையில் ஒரு பழைய வீட்டில் நான் வாங்கியது அது. முத்திரையோ பெயரோ எங்கும் இல்லை. யார் செய்தது என்று அந்த அம்மையார் கேட்டார். பம்பாயில் ஒரு பெரிய கம்பெனி என்று அளந்துவிட்டேன்.

பின்கட்டிலிருந்து அம்மா எழுந்து வந்தார். சேலையெல்லாம் பிரம்புத் துணுக்கு. நாற்காலியைக் கவிழ்த்து, இருக்கைச் சட்டத்தின் அடியில் விரலை ஓட்டினார்.

"இது எங்க அண்ணன் பண்ணின கசேரையாக்கும்," என்றார். "பிரம்பு கோக்குற தொளைக்கு அடிப்பக்கம் பாருங்க, வாயெல்லாம் மழுங்க எழைச்சிருக்கு. பிரம்பு இழுக்கும்போ எனக்கு வெரல் கிழியும்னு அண்ணன் மட்டுந்தான் இப்படிச் செய்யும்."

அம்மையார் என் பக்கம் திரும்பினார். "இவங்க யாரு?"

"இங்க பிரம்பு பின்ன வர்றவங்க," என்றேன்.

பொய் இல்லை. பிரம்பு பின்னத்தான் வந்தார். அம்மா நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனார். நாற்காலி பம்பாய்ப் பெயரோடு சென்னைக்குப் போயிற்று.

மறுநாள் கடைவாசலில் நின்று, "மொதலாளி, இன்னைக்கு எந்தக் கசேரை?" என்று கேட்டார் அம்மா. குரலில் கோபமே இல்லை. வீட்டில் பழையபடி "மோனே"தான். கடைப்படி ஏறினால் முதலாளி. நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். மன்னிப்புக் கேட்டால் காரணம் வெளியே வந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அம்மா போகும்வரை ஏழு வருடம் அப்படியே ஓட்டினேன் என்று எழுதவே கை கூசுகிறது.

கடைசி நாட்களில், மருத்துவமனையில் நர்ஸ் ஒருவர் என்னைக் காட்டி, "இது ஆரா, அம்மே?" என்று கேட்டார். அம்மா என் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். என்ன சொல்லட்டும் என்று என்னிடம் கேட்பதுபோல இருந்தது. பிறகு, "மொதலாளி," என்றார். நர்ஸ் சிரித்தார். என்னால் அன்று சிரிக்க முடியவில்லை.

போன மாதம் அந்தச் சென்னைத் தம்பதியின் போன் எண்ணைத் தேடியெடுத்துப் பேசினேன். கம்பெனி என்றது என் கட்டுக்கதை, செய்தவர் என் மாமா என்றேன்.

"அன்னைக்கு ஒரு பெரியம்மா இதையேதானே சொன்னாங்க," என்றார் அம்மையார். "அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"அம்மா," என்றேன்.

அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுப் பார்த்துக்கொண்ட என் இரு தங்கைகளுக்கும், களமசேரியிலிருந்து தினமும் கஞ்சி கொண்டுவந்த மைத்துனருக்கும், தோள்கொடுத்த தெருக்காரர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இனி விளையாட்டுக்குக்கூட என்னை முதலாளி என்று கூப்பிடாதீர்கள். நான் யார் என்று யாராவது கேட்டால், இங்கே பிரம்பு பின்ன வந்தவரின் மகன் என்று சொல்லுங்கள்.