செண்டமும் முட்டையும்

சத்துணவுக்கூடத்தில் வேலை பார்க்கிறவளுக்கு உப்பு உறைப்பு கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை, தலை எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை பிள்ளையோ அத்தனை முட்டை. சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு சர்க்கார் உயர்நிலைப் பள்ளியில் பல வருஷமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். என்னைப் போலக் கரண்டி பிடிக்கிறவர்களுக்கும், பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருப்புக் கொள்ளாமல் ஜெபிக்கிற அம்மாமார்களுக்கும் நான் சொல்லுவது உடனே விளங்கும்.

கடைசியிலிருந்து மூன்றாவது

போன வருஷம் பள்ளி திறந்த புதிதில் எங்கள் ஹெட்மாஸ்டர் தென்காசியில் மீட்டிங் போய்விட்டு வந்தார். கையில் ஒரு தாள். சுற்றுவட்டாரத்து அரசுப் பள்ளிகளையெல்லாம் பத்தாம் வகுப்பு பாஸ் கணக்கை வைத்து மேலிருந்து கீழே வரிசையாக அடித்திருந்தார்கள். மேலே இருந்த பள்ளிகளெல்லாம் செண்டம். எழுதின பிள்ளைகள் அத்தனை பேரும் பாஸ். நாங்கள் கடைசியிலிருந்து மூன்றாவது. கீழே இருக்கிற பள்ளிக்காரர்களை மட்டும் எழுந்து நிற்கச் சொன்னார்களாம். ரிட்டயர் ஆகப் போகிற மனுஷர். சாம்பார் சாதம் கொண்டுபோய் வைத்தேன். தொடவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் முதல் அடுப்புப் பற்றவைக்கும்போதே, "ஆண்டவரே, எங்க பள்ளிக்கூடத்துக்கு நூறு தாரும்" என்று ஜெபிக்க ஆரம்பித்தேன். கணக்கு சார் அதைக் கேட்டுவிட்டார். "கிரேசக்கா, நம்ம பிள்ளைங்க உங்ககிட்ட மட்டுமா முட்டை வாங்குது, என் பேப்பர்லயும்தான் வாங்குது."

முப்பத்தைந்து போதும்

பத்தாம் வகுப்புக்கு அப்போது முப்பத்தொரு முட்டை. வரிசையில் எப்போதும் கடைசியாக வருகிறவள் இசக்கியம்மாள், எங்கள் தெருப் பிள்ளை. விடியுமுன்னே அம்மாவோடு போய்ப் பிச்சிப்பூ பறித்துக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வருவாள். கையெல்லாம் பூ வாசமாக இருக்கும், கண்ணெல்லாம் தூக்கமாக இருக்கும். பாஸானால் பதினொன்றாம் வகுப்புக்குச் சங்கரன்கோவிலுக்கு பஸ்ஸில் போகலாம். இல்லையென்றால் திருப்பூரில் மாமா வேலை பார்க்கிற பனியன் கம்பெனி. வீட்டில் அப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் சமையல்கூட வாசலில் உட்கார்ந்து சமூக அறிவியலைச் சத்தமாக வாசிப்பாள். பாதியில் தலை சாயும். நான் தட்டைத் தட்டி எழுப்புவேன். ஒருநாள், உனக்காகவும் ஜெபிக்கிறேன், எவ்வளவு மார்க் கேட்கட்டும் என்றேன். "முப்பத்தஞ்சு போதும் பெரியம்மா. நூறெல்லாம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீங்க."

குண்டு குண்டான எழுத்து

பரீட்சை எழுதுகிறவர்கள் பட்டியலை அனுப்புகிற சமயம் வந்தது. ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். நாலு பிள்ளைகள் தேறாது, அதில் இசக்கி ஒருத்தி என்றார். "இந்த வருஷம் நின்னுட்டு அடுத்த வருஷம் தனியா எழுதட்டும்க்கா. அப்ளிகேஷன் பாரம் நானே வாங்கித் தாரேன். பெயிலாகி அழுறதுக்கு இது நல்லதுல்லா. உங்க தெருதானே, நீங்க சொன்னா அவ அம்மா கேப்பா."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. என் மூத்தவன் கணக்கில் பெயிலாகி மறுபடி எழுதிப் பாஸானவன்தான். இன்றைக்குப் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கிறான். ஆனால் அவன் முதலில் பரீட்சை எழுதிப் பெயிலானான், அப்புறம்தான் மறுபடி எழுதினான். அந்த வித்தியாசம் அன்றைக்கு என் புத்தியில் உறைக்கவில்லை. இசக்கியின் அம்மா பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். குடும்பச் சூழ்நிலையால் என் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொள்கிறேன் என்று லெட்டர் வேண்டும். அவளுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். நான் எட்டாவது வரை படித்தவள். "நீங்களே எழுதுங்கக்கா, உங்க எழுத்து குண்டு குண்டா நல்லாருக்கும்."

மிஞ்சின முட்டை

அடுத்த வாரம் பத்தாம் வகுப்புக்கு இருபத்தேழு முட்டை என்று சொன்னார்கள். கை பழக்கத்தில் இசக்கிக்கும் சேர்த்து இருபத்தெட்டு போட்டுவிட்டேன். வரிசை முடிந்தும் சட்டியில் ஒன்று கிடந்தது. உரிக்கவும் மனசில்லை, எடுத்து வைக்கவும் மனசில்லை. கணக்குப் பார்க்கிற எங்கள் சத்துணவு அமைப்பாளர் வந்து எட்டிப் பார்த்தாள். "ஒண்ணு கூடிட்டே, யாருக்குக்கா இது? வருகைல இருக்கிற பிள்ளைங்க எல்லாம் வாங்கிட்டுல்லா."

என் பங்கு

மே மாதம் ரிசல்ட் வந்தது. செண்டம். இருபத்தேழு பேர் எழுதி இருபத்தேழும் பாஸ். புதுத் தாளில் எங்கள் பள்ளி மேலே ஏறிவிட்டது. கேட்டில் பிளக்ஸ் கட்டினார்கள். ஹெட்மாஸ்டர் என்னைக் கேசரி கிண்டச் சொன்னார். எல்லாரும் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று சாப்பிட்டார்கள். நான் வாயில் வைக்கவில்லை. தூக்குச்சட்டியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு இசக்கி வீட்டுக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது.

பஸ் ஸ்டாண்டில்தான் பார்த்தேன். திருப்பூர் பஸ்ஸுக்கு, அம்மா பக்கத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தனியாக எழுதுகிற பாரம் என்ன ஆச்சு என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேசரியை நீட்டினேன். ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். என்னைக் குத்திக் காட்ட வேண்டும் என்று சொன்ன மாதிரி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான் இருந்தது. "செண்டமாம்லா பெரியம்மா. நான் எழுதாம இருந்ததாலதானே வந்துச்சு, அப்போ அதுல என் பங்கும் உண்டுல்லா?"

இப்போதெல்லாம் நான் ஜெபத்தில் எண்ணிக்கை சொல்லிக் கேட்பதில்லை, முட்டையை மட்டும்தான் எண்ணுகிறேன்.