ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம்

என் அக்காவை யாராவது நல்லவள் என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்லவர்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். பதினெட்டு வருடமாக அவளுடைய மருந்துக் கடையில் பில் போடுகிறவள் நான். படித்ததும் உரிமம் வாங்கியதும் அவள். வாயாடுவது மட்டும் என் பங்கு.

கடை பத்துக்குப் பன்னிரண்டு. மூன்று பக்கமும் இழுப்பறை, மூலையில் ஒரு குளிர்பெட்டி, தலைக்கு மேல் முனகிக்கொண்டே சுற்றும் மின்விசிறி. எந்த மாத்திரை எங்கே இருக்கிறது என்று அக்காவுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பதை மூன்று தடவை சொல்வாள். நாலாவது தடவை வாங்க வந்தவரையே சொல்ல வைப்பாள். அதனால் தெருவில் அவள் பெயர் டீச்சர்.

எங்கள் ஊரில் மருந்துக் கடைகள் நாற்பத்தொன்று. எல்லாருக்கும் சேர்த்து ஒரு சங்கம். தலைவருக்கு மட்டும் மூன்று கடை, மூன்று முத்திரை. டீ வாங்கி வரச் சொல்லும் துண்டுச் சீட்டில்கூட முத்திரை குத்தினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். வீட்டில் அவரை நாங்கள் முத்திரை அண்ணன் என்போம். அக்காவின் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும் என்பதால் செயலாளர் பதவியை அவள் தலையில் கட்டினார்கள். சம்பளமில்லாத வேலையை நம் தலையில் கட்டுவதற்குப் பெயர்தான் கௌரவம்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு கூட்டம். மாத்திரை அட்டையில் போட்ட விலைக்குக் கீழே எந்த உறுப்பினரும் விற்கக் கூடாது, விற்றால் அவருக்குச் சரக்கு வராது என்று தீர்மானம். கூடியிருந்த எல்லாக் கையும் உயர்ந்தது. மறுவாரமே எல்லாக் கடையிலும் ஒரு பலகை வந்து தொங்கியது. ‘வாடிக்கையாளர் நலன் கருதி இங்கே தள்ளுபடி வழங்கப்படமாட்டாது.’ யாருடைய நலன் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. வாங்க வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, சங்கத்திலேயே முடிவு பண்ணிவிட்டார்களா, சரி என்று தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும், அந்தப் பலகையைத் தினமும் துடைத்தவளும் நான்தானே.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலையில் பெயிண்டர் வந்தார். பக்கத்துச் சந்தில் குடியிருப்பவர். அவர் மனைவிக்கு வலிப்பு நோய். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை, ஆயுள் முழுக்க. அன்றைக்கு அவர் மாத்திரை கேட்கவில்லை, பஞ்சும் பிளாஸ்திரியும் கேட்டார். மனைவி குளியலறையில் விழுந்து நெற்றியில் நாலு தையலாம். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று அக்கா விசாரித்தாள். அவர் விரல் நகத்தில் ஒட்டியிருந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே நின்றார்.

“பாதி பாதியா உடைச்சுக் குடுக்கறேன் மேடம். முழுசா குடுத்தா மாசக் கடைசி வரைக்கும் வர மாட்டேங்குது.”

அக்கா அவரை என்றைக்கும் இல்லாத திட்டுத் திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, முழு மாதத்துக்கான மாத்திரையை எடுத்து, எங்கள் லாபத்தில் பெரும்பகுதியைக் கழித்து பில் போடச் சொன்னாள். பலகையைக் காட்டினேன். ஆணியைப் பிடுங்கி அதைக் கீழே இறக்கினாள். அன்றிலிருந்து தினசரி மாத்திரை சாப்பிடுகிற எல்லாருக்கும் அதே கணக்குத்தான்.

இரண்டே வாரத்தில் சரக்கு நின்றது. எங்களுக்குக் கொடுக்கிற மொத்த வியாபாரியிடம் மற்ற நாற்பது கடையும் வாங்காது என்று முத்திரை அண்ணன் கடிதம் அனுப்பியிருந்தார். அக்கா நேரில் போய்க் காரணம் கேட்டதற்கு, எழுத்திலேயே தருகிறேன் தங்கச்சி என்றார். தரவும் செய்தார், பதிவுத் தபாலில், மூன்று இடத்தில் முத்திரை குத்தி, தீர்மான நகலும் இணைத்து. செய்வது தப்பு என்று தெரிந்தவன் ஒளித்து வைப்பான். இவர்களுக்கு அது பெருமை.

இழுப்பறைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. வலிப்பு மாத்திரையில் மூன்று பெட்டி மிச்சம். பெயிண்டரின் மனைவிக்குப் பத்து வாரம் வரும் என்று கணக்குப் போட்டு, அக்கா அவற்றைத் தனியே எடுத்து வைத்தாள். மற்ற கடைகளில் முழு விலை, முழு விலையென்றால் மறுபடியும் பாதி மாத்திரை. பத்து வாரத்துக்குள் ஏதாவது நடந்தாக வேண்டும்.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனோம். மனுவைப் படித்த எழுத்தர் அம்மாள் அதைத் திருப்பித் தந்துவிட்டார். நீங்கள் விற்பதற்காக வாங்குகிறவர், அதனால் நுகர்வோர் ஆகமாட்டீர்கள் என்றார். அப்படியானால் பெயிண்டர் போடட்டுமா என்று கேட்டேன். அவருக்குக் கெட்டுப்போன மருந்தை விற்றார்களா, அச்சடித்த விலைக்கு மேல் வாங்கினார்களா, பில் தரவில்லையா என்றார். எதுவும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். அக்கா என் கையைக் கிள்ளினாள். அந்த அம்மாளே ஒரு தாளில் முகவரி எழுதித் தந்தார்.

“விக்கிறவங்க ஒண்ணு கூடி விலையை முடிவு பண்ணக் கூடாதும்மா. அதுக்குத் தனிச் சட்டம் இருக்கு. போட்டி ஆணையத்துல போய்ச் சொல்லுங்க.”

பஸ்ஸில் வரும்போது அக்கா கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதிகபட்ச விலை என்று அதில் போட்டிருந்தது. ஒரு நாளைக்கு நூறு தடவை படிக்கிற வார்த்தை. அதற்கு மேலே போகக் கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. அதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று சொன்னது கடைக்காரர்கள் நாங்கள்.

ஆணையத்துக்கு எழுதினோம். தெருவில் எங்களைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. குறைந்த விலைக்கு வாங்கிப் பழகினவர்கள்கூட, உங்களுக்கு எதுக்கும்மா இந்த வம்பு என்று புத்தி சொல்லிவிட்டு எதிர்க் கடைக்கு நடந்தார்கள். ஒன்பதாவது வாரம் இடைக்கால உத்தரவு வந்தது. விசாரணை முடியும்வரை சரக்கை நிறுத்தக் கூடாது. அன்று தனியே வைத்த பெட்டிகளில் மூன்றாவதன் அடியில் நாலு அட்டைதான் இருந்தது.

விசாரணை நாளில் சங்கத்து வக்கீல் தீர்மானப் புத்தகத்தையே கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஆணையத்தின் மூன்று உறுப்பினர்கள் கேள்வி கேட்கிற அறை. முத்திரை அண்ணன் பின்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். இந்தத் தீர்மானத்தை எழுதியது யார் என்று வக்கீல் அக்காவைக் கேட்டார். அவள் கையெழுத்தாலேயே அவளைக் கவிழ்க்கப் பார்க்கிறான் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. நடுவில் இருந்தவர், கட்டாயப்படுத்தி எழுத வைத்தார்களா என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துக்கொள்ளலாம். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“யாரும் கட்டாயப்படுத்தல. நான்தான் எழுதினேன், நானும் கையைத் தூக்கினேன். எல்லாருக்கும் ஒரே விலைன்னா நியாயம்னு நினைச்சேன். அதுல வாங்க வர்றவங்க யாராவது இருந்தாங்களான்னு நான் கேக்கல.”

அவர்கள் வக்கீலே புத்தகத்தை மூடினார்.

தீர்ப்பு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. தீர்மானம் செல்லாது, எல்லாப் பலகையும் இறங்க வேண்டும், சங்கத்துக்கும் நிர்வாகிகளுக்கும் அபராதம். நிர்வாகிகள் பட்டியலில் அக்காவின் பெயரும் இருந்தது. தானாக வந்து உண்மையைச் சொன்னதால் அபராதத்தைக் குறைத்திருக்கிறார்களாம். காட்டிக் கொடுத்தவளுக்குக் கிடைத்த வெகுமதியைப் பார் என்று நான் கத்தினேன். அக்கா அன்றே போய்க் கட்டிவிட்டு வந்து, வழக்கம்போல மாலை மருந்துகளை எடுத்து வைத்தாள்.

அடுத்த மாதம் எதிர்க் கடையில் புதுப் பலகை ஏறியது. எங்களைவிட இரண்டு சதவீதம் அதிகத் தள்ளுபடி. கூட்டம் அங்கே மொய்த்தது. அந்தக் கூட்டத்தில் பெயிண்டர் நின்றுகொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பையை வாங்கிக்கொண்டு போனார். இந்த மனுஷனுக்காகத்தானே எங்கள் இழுப்பறை காலியானது, இவருக்காகத்தானே அபராதம் கட்டினோம். நன்றி கெட்ட ஜென்மம் என்று வாயில் வந்ததையெல்லாம் அக்காவிடம் கொட்டினேன்.

அவள் மருந்துச் சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “எத்தனை அட்டை வாங்கினார், பாத்தியா?”

பார்த்தேன். ஆறு அட்டை. முழு மாதத்துக்கு.

“அப்ப சரி. நம்ம விலையை எவ்வளவு குறைக்க முடியும்னு பாரு.”