கழுவுகிற தண்ணீரின் உப்பு

1. பேனா மாதிரி ஒரு மீட்டர்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி என் கையில் பேனா அளவில் ஒரு மீட்டரைக் கொடுத்தார். "இத உன்ற உசுராட்டம் பாத்துக்க. இதுல பாயிண்ட் அஞ்சுக்கு மேல காட்டுச்சுன்னா கண்டெய்னர் திரும்பி வந்துரும். கண்டெய்னர் திரும்புச்சுன்னா நீயும் நானும் தெருவுலதான்" என்றார்.

கிணத்துக்கடவுக்குக் கிழக்கே தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் பித் கம்பெனி. இந்தத் தொழிலுக்கு வரப்போகிற தம்பி தங்கைகளுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தேங்காய் மட்டையை மஞ்சி மில்லில் அடித்து நார் எடுத்த பிறகு மிஞ்சுகிற தூள்தான் பித். முன்பெல்லாம் அதை ரோட்டோரம் கொட்டி எரித்தார்கள். இப்போது கழுவி, களத்தில் காயவைத்து, செங்கல் மாதிரி பிளாக் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். அங்கே மண்ணுக்குப் பதிலாக அதில் தக்காளி வளர்க்கிறார்கள். பித்தில் இயற்கையாகவே உப்பு உண்டு. உப்பு அதிகமானால் வேர் கருகிவிடும். அதனால்தான் கழுவுகிறோம். கழுவிய பிறகு எவ்வளவு உப்பு மிச்சம் என்று காட்டுகிற எண்ணுக்கு ஈ.சி. என்று பெயர். அதைப் பார்த்துத் தரம் சொல்கிற கியூ.சி. ஆள் நான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. என் அம்மா வேறொரு கம்பெனிக் களத்தில் பல வருஷம் பித் கிளறியவர். எனக்கு வேலை கிடைத்ததைச் சொன்னபோது, "நெழல்ல உக்காந்து பாக்கற வேலையா கண்ணு?" என்று இரண்டு முறை கேட்டார். ஆமாம் என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

அம்மா சந்தேகப்பட்டது சரிதான். லேப் நிழலில் இருந்தது, வேலை வெயிலில் இருந்தது. சாம்பிள் எடுக்கக் களத்துக்குப் போனால் அங்கே சரசக்காவின் ராஜ்ஜியம். பித்தைப் பலகையால் கிளறிப் புரட்டுகிற பெண்களுக்கெல்லாம் அவர்தான் மூத்தவர்.

"ஏனுங் தம்பி, அந்தக் குச்சிய என்ற ஊட்டுக்காரரு வாயில வச்சுப் பாக்க முடியுங்களா?"

"எதுக்குங்க்கா?"

"அவரு சொல்றதுல எத்தனை நெசம்னு தெரிஞ்சுக்கோணும்."

களம் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு அங்கே 'குச்சித் தம்பி' என்று பெயர்.

2. இறங்காத ஈ.சி.

இரண்டாவது வருஷக் கோடையில் சிக்கல் தொடங்கியது. அதுவரை இரண்டு வாஷ் போட்டால் ஈ.சி. இறங்கிவிடும். அந்தக் கோடையில் மூன்றாவது வாஷ் போட்டும் இறங்கவில்லை. நான்காவதும் போட்டுப் பார்த்தோம். எண் அசையவில்லை.

முதலாளி முதலில் மஞ்சி மில்காரர்களைத் திட்டினார். மில்லை மாற்றியும் எண் மாறவில்லை. அடுத்ததாகக் களத்துக்கு வந்தார்.

"வாய் ஓடற ஓட்டத்துக்குக் கை ஓடறதில்ல. மேலாக்கக் கிளறுனா அடியில இருக்கற உப்பு எப்புடிப் போகும்? பாதிப் பேர நிறுத்திப்போட்டு டிராக்டர்ல கிளறிக்கறேன்."

சரசக்கா பலகையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். "டிராக்டருக்கு வாயில்லீங். அதுக்காக அது நல்லாக் கிளறும்னு யாருங்க சொன்னது?"

"பாக்கத்தான போறீங்க அம்மணி."

அவர் வெறும் மிரட்டலுக்காகச் சொல்லவில்லை. டிராக்டரை வாடகைக்குப் பேசியிருந்தது எனக்குத் தெரியும். அந்தப் பெண்களில் பாதிப் பேருக்கு வேறு வேலை கிடையாது. சுற்றியிருந்த தோட்டங்களில் ஆள் எடுப்பதை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள். என் அம்மா மாதிரி அத்தனை பேர். அவர்கள் மேல் பழி விழுவதற்கு என் மீட்டர் சாட்சி. அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

லேபில் சாம்பிளைக் கலக்குவதற்கு டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்குவோம். ஒருநாள் கேன் வண்டி வரவில்லை. அவசரத்துக்கு எங்கள் போர்வெல் குழாய்த் தண்ணீரில் கலக்கலாமா என்று, முதலில் அந்தத் தண்ணீரில் மீட்டரை விட்டுப் பார்த்தேன். எண் மூன்றைத் தாண்டி நின்றது. மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து உப்பு அளவு தெரிந்த ஸ்டாண்டர்டு கரைசலில் விட்டுச் சரிபார்த்தேன். மறுபடியும் விட்டேன். அதே எண்.

நேரே களத்துக்குப் போய் சரசக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணி பாட்டிலைக் கேட்டேன்.

"என்னங் தம்பி, என்ற தண்ணியிலயும் பித் கழுவப்போறீங்களா?"

அது ஊர்ப் பொதுக் குழாயில் பிடித்த தண்ணீர். மீட்டரை விட்டுப் பார்த்தேன். எங்கள் போர் தண்ணீரைவிட எண் குறைவுதான். ஆனால் குடிக்கிற தண்ணீரில் காட்டக்கூடாத எண்.

கம்பெனிக்குப் பின்னால் ஒரு பழைய கல்லுக்குழி இருக்கிறது. களத்தைக் கழுவி வருகிற தண்ணீர், வடிகட்டிய டீ நிறத்தில், வாய்க்கால் வழியாக அதில்தான் போய் நிற்கும். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் போர். நாங்கள் கழுவிய உப்பைப் பூமிக்குள் அனுப்பிவிட்டு, அதையே மோட்டார் போட்டு மேலே இழுத்து, அதிலேயே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தோம். மூன்றாவது வாஷ் பித்திலிருந்து உப்பை எடுக்கவில்லை. ஊற்றிக்கொண்டிருந்தது.

முதலாளியிடம் சொன்னேன். அவர் முட்டாள் இல்லை, கேட்டதுமே புரிந்துகொண்டார்.

"சரி, இன்னொரு போர் போட்டுக்கலாம். எச்சா ஆழமா."

"எத்தனை ஆழம் போட்டாலும் உப்பும் பின்னாலயே எறங்குமுங்க சார்."

"கெமிஸ்ட்ரி படிச்சா கெமிஸ்ட்ரியப் பாரு. போர் வண்டிக்காரன் வேலையப் பாக்காத. இத வெளிய எங்கயும் பேசிப்போடாத."

"பேசலீங்க. ஆனா களத்து அக்காக்களக் குத்தம் சொல்றத நிறுத்திப்போடுங்க."

என் பரம்பரையில் ஒரு முதலாளியிடம் நிறுத்துங்கள் என்று சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

3. கேட்டுக்கு முன்னால்

அந்த வாரமே பக்கத்துத் தோட்டக்காரர்கள் கேட்டை மறித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் மயில்சாமியண்ணன். எங்கள் கல்லுக்குழிக்கு அடுத்த தோட்டம் அவருடையது. கையில் ஒரு பாட்டில். உள்ளே டீ நிறத்தில் அவர் கிணற்றுத் தண்ணீர்.

"ஒரு மொடக்குக் குடிச்சுப் பாருங்க தம்பி" என்று முதலாளியிடம் நீட்டினார். "எவனோ ஒருத்தன் ஊட்டுத் தக்காளிக்கு உப்பில்லாம அனுப்பறீங்க. அந்த உப்பெல்லாம் என்ற தென்னைக்கா?"

முதலாளி பாட்டிலை வாங்கவில்லை. திரும்பிக் களத்துப் பெண்களைக் கேட்டுக்கு வரச் சொன்னார். அத்தனை பேரும் பித் அப்பிய கையோடு வந்து நின்றார்கள்.

"நல்லாப் பாருங்க மயில்சாமியண்ணா. எல்லாம் உங்கூருப் பொம்பளைங்க. கம்பெனிய மூடச் சொல்றீங்க, மூடிப்போடறேன். தாராபுரம் பக்கம் எடம் பாத்து வச்சிருக்கேன். நாளையிலிருந்து இவங்களுக்கு நீங்க கூலி குடுங்க."

"தண்ணி நல்லா இருந்தப்ப நாங்கதானுங்க குடுத்தோம்" என்றார் மயில்சாமியண்ணன். "தண்ணிய நீங்க கெடுத்தீங்க. வெள்ளாமை போச்சு. வேலையில்லாமத்தான இவங்க உங்ககிட்ட வந்து நிக்கறாங்க?"

முதலாளி சரசக்காவைப் பார்த்தார். அவர் தோட்டக்காரர்களோடு சண்டைக்குப் போவார் என்பது முதலாளியின் கணக்கு.

சரசக்கா சேலை முந்தானையில் கையைத் துடைத்தார். "மொதலாளி, எங்கள எதுக்குங்க நடுவால கொண்டாந்து நிறுத்தறீங்க? கம்பெனி வேணும்னா தண்ணி போகும், தண்ணி வேணும்னா சோறு போகும்னு ரெண்டு பக்கமும் எங்களையே காட்டறீங்க. நாங்க என்ன தடுப்புச் சொவரா? எங்கூட்டுக் குழாயிலயும் உப்புத்தானுங்க வருது. குச்சித் தம்பியக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெளியே பேச வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். கேட் உள்ளேயா வெளியேயா என்று யோசிக்க நேரமில்லை.

"எங்க போர் தண்ணியும் கெட்டுப்போச்சுங்க" என்றேன். "பித்துல உப்பு எறங்காததுக்கு இவங்க கை காரணமில்லீங்க, அந்தத் தண்ணிதான் காரணம். இதே மாதிரிக் கழுவுனா தாராபுரத்துலயும் கொஞ்ச வருஷத்துல இதே கதைதான். அங்க ஒரு மயில்சாமியண்ணன் பாட்டிலோட வந்து நிப்பாரு. அப்புறம் எங்க போவீங்க சார்?"

"நாளையிலிருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்" என்றார் முதலாளி.

மீட்டரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அவர் வாங்குவதற்குள் சரசக்கா வாங்கிக்கொண்டார்.

"தம்பி வராத களத்துல நாங்க கிளற மாட்டமுங்க. டிராக்டரக் கூப்புட்டுக்கங்க. டிராக்டரு ஈ.சி. பாக்குமானு கேட்டுக்கங்க."

பலகைகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு எல்லோரும் தோட்டக்காரர்களுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தார்கள். மயில்சாமியண்ணன் நகர்ந்து இடம் விட்டார். கேட்டுக்கு இந்தப் பக்கம் முதலாளியும் நானும் மட்டும் நின்றோம். ஏற்றவேண்டிய கண்டெய்னருக்கு பித் இன்னும் ஈரமாகக் கிடந்தது.

4. என்ன செய்தோம்

சாயங்காலம் முதலாளி என்னை எடைமேடை ரூமுக்குக் கூப்பிட்டார். "என்ன செய்யோணும்னு சொல்லித் தொலை" என்றார்.

சொன்னேன். கழுவுகிற தண்ணீர் மண்ணைத் தொடக்கூடாது. களத்தின் சரிவில் கெட்டியான பிளாஸ்டிக் ஷீட் விரித்த தொட்டிகள் வேண்டும். கடைசி வாஷில் வருகிற தண்ணீர் ஓரளவு சுத்தமாக இருக்கும். அதை அடுத்த குவியலின் முதல் வாஷுக்கு எடுக்க வேண்டும். கடைசி வாஷுக்கு மட்டும் நல்ல தண்ணீர் போதும். அது எங்கே? தலைக்கு மேலே. கம்பெனியின் குடோன் கூரைகள் ஒரு ஊருக்குச் சமம். பாலக்காட்டுக் கணவாய்ச் சாரலும் ஐப்பசி மழையும் அதில் விழுந்து வீணாகத் தரையில் ஓடிக்கொண்டிருந்தன. மழைத் தண்ணீரில் உப்பு கிடையாது, அதைத் தொட்டியில் பிடித்துவைக்கலாம். முதல் வாஷில் வடிகிற, எதற்கும் ஆகாத கறுப்புத் தண்ணீரை ஆழமில்லாத ஷீட் பாத்தியில் நிறுத்தினால், இந்த ஊர்க் காற்றே குடித்துவிடும். மிஞ்சுகிற உப்பை வழித்து, கழிவு எடுக்கிறவர்களிடம் முறைப்படி கொடுத்துவிடலாம்.

"கோடையில மழைத்தொட்டி காஞ்சு போச்சுன்னா?"

"அந்த மாசம் வாஷ் பண்ணாத சாதா கிரேடு மட்டும் போடுவமுங்க."

"லாபம் கொறையும்."

"ஆமாங்க. குறையும்."

பொய் சொல்லியிருந்தால் சீக்கிரம் ஒப்புக்கொண்டிருப்பார். நான் சொல்லவில்லை. புதுப் போருக்கும் தாராபுரத்து இடத்துக்கும் வைத்திருந்த பணத்தை அவர் மனசே இல்லாமல் இதில் போட்டார். அவர் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. "என்னை மெரட்டித்தான செய்ய வச்சீங்க" என்று இன்றும் சொல்வார். ஆமாம், மிரட்டித்தான் செய்ய வைத்தோம்.

சரசக்கா போட்ட நிபந்தனை, என்னையும் சேர்த்துக் களத்தில் ஒருவரையும் நிறுத்தக்கூடாது என்பது. முதலாளி ஒப்புக்கொண்ட பிறகுதான் மீட்டர் என் பைக்குத் திரும்பியது. தொட்டி வேலைக்குக் கூடுதலாகத்தான் ஆள் தேவைப்பட்டது. மயில்சாமியண்ணன் போட்ட நிபந்தனை, அவர் கிணற்றுத் தண்ணீரை மாதாமாதம் எல்லோர் முன்னாலும் அளக்க வேண்டும் என்பது. பாட்டிலோடு வருகிறார். டீ நிறம் வெளுத்திருக்கிறது. உப்பு இன்னும் இருக்கிறது. கெடுத்த வேகத்தில் பூமி சரியாவதில்லை என்பதை ஒவ்வொரு மாதமும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். என் வேலையில் கஷ்டமான நேரம் அதுதான்.

5. தம்பி தங்கைகளுக்கு

வேறு கம்பெனிகளில் இருந்து எனக்குப் போன் வருகிறது. சில பேர், "சுற்றுச்சூழல் பேசறீங்க, சோத்துக்கு என்ன வழி?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் வீட்டில் பெரும்பாலும் இரண்டும் இருக்கும். களத்தில் கிளறுகிறவருக்குச் சோறும் அந்த மண்ணில்தான், தண்ணீரும் அந்த மண்ணில்தான். அவரிடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. அப்படிச் சொன்னால், கையில் மீட்டர் இருக்கிற நீங்கள் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்களைப் படிக்க வைத்தது அந்தக் களம்.

இப்போது தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழி தோண்டி வைத்திருக்கிறோம். அதில் ஊறுகிற தண்ணீரில் ஈ.சி. ஏறினால் எங்கேயோ ஷீட் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். காலையில் அதை அளந்த பிறகுதான் வாஷ், லோடு ஏற்றுவது எல்லாம் தொடங்கும்.

போன வாரம் எனக்கு பஸ் கிடைக்கத் தாமதமானது. நான் போய்ச் சேர்ந்தபோது கண்டெய்னர் லாரி ஆரன் அடித்துக்கொண்டிருந்தது. முதலாளி வால்வுக்குப் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். வால்வின் மேல் சரசக்காவின் கை இருந்தது.

"அளக்கறத அப்பறம் அளந்துக்கலாம், தண்ணியத் தொறந்து உடுங்க அம்மணி! கண்டெய்னர் நிக்குது!"

"நிக்கட்டுமுங்க. நின்னா நாளைக்குப் போகும். உப்பு எறங்குனா எங்க போகும்? எங்கூட்டுக் குழாய்க்குத்தான் வரும்."

என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். மீட்டரைக் கொடுத்தேன். குழி ஓரத்தில் குத்தவைத்து, அதைத் தண்ணீருக்குள் விட்டு, எண் நிற்கும்வரை அசையாமல் இருந்தார். களத்தில் ஒருவரும் பலகையைத் தொடவில்லை. லாரிக்காரரும் ஆரனை நிறுத்திவிட்டார்.

முதலாளிதான் கேட்டார். "எத்தனைங் அம்மணி?"