காற்றை நம்பிய ஜுரந்திர்

சிகரெட் பெட்டியை நிற்க வைத்துக் காரின் அடியில் தள்ளிப் பார்க்கிறார் ஜுரந்திர். பெட்டி சாயாமல் உள்ளே போய்விட்டால் அவரைப் பொறுத்தவரை அது காரில்லை, லாரி. எங்கள் ஊர் லோந்திரினாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்ரோல் பங்குக்குப் பின்னால் கூடுகிறோமே, காரைத் தரையை ஒட்டத் தாழ்த்தி ஓட்டுகிற எங்கள் கூட்டம், அங்கே எந்தக் காரும் இந்தச் சோதனைக்குத் தப்பாது. மனிதருக்குப் புகை பிடிக்கிற பழக்கம் கிடையாது. பெட்டி இதற்காகவே சட்டைப் பையில் இருக்கிறது.

இரும்புக் கேட்டுகளுக்கு வெல்டிங் அடிக்கிறவர். வாயும் அதே சூடு. தன் பச்சை செவெத் காரின் ஸ்பிரிங்கை அறுத்துத் தரையோடு தரையாக ஓட்டியவர். என் காரிலோ ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை. பொத்தானை அழுத்தினால் ஏறும், இறங்கும். அது அவருக்கு ஆகவே ஆகாது. "மேடு வந்தா தூக்கிக்கிறான், ஆளைக் கண்டா இறக்கிக்கிறான். இதெல்லாம் ஒரு பொழப்பாடா?" என்பார். எனக்குப் பெயரே பலூன்காரன்தான்.

அப்பேர்ப்பட்டவர் போன வருஷம் என் வீட்டு வாசலில் வந்து நின்று, எந்தப் பை நல்லது, நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் போட வேண்டுமா என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அவர் மனைவி நெய்டேக்கு எலும்பில் புற்று. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் வேகத்தடையும் கருங்கல் பாவிய தெருவும். ஒவ்வொரு மேட்டிலும் அவள் பல்லைக் கடிப்பதைப் பார்த்துக்கொண்டு ஓட்ட முடியவில்லை என்றார். எனக்குக் கிண்டல் வரவில்லை. எந்த வாயால் பண்ணுவது?

காற்றுப் பை போட்டார். கூட்டத்தில் சிரித்தவர்களைச் சட்டை செய்யவில்லை. நெய்டே ஏறி உட்கார்ந்ததும் காரை முழு உயரத்துக்குத் தூக்கிவிடுவாராம், அது எனக்கு அப்போது தெரியாது. ஆயுசு முழுக்கத் தாழ்த்தியே ஓட்டியவருக்கு உயரம் என்றாலே சுகம் என்று நினைப்பு. "மெத்தை மேல போற மாதிரி இருக்குப்பா" என்று அவள் சொன்னாளாம். அதை எங்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். ஜூனில் அவள் போய்விட்டாள்.

போன ஞாயிறு, புதிதாகக் காற்றுப் பை போட்ட ஒருவன், வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது என்று என்னிடம் குறைப்பட்டான்.

"முழுசா ஏத்தி ஓட்டாத. காத்து நெறஞ்சா பை கல்லாயிடும். பாதியில வச்சாத்தான் மெத்துனு இருக்கும்" என்றேன்.

பின்னால் ஜுரந்திர் நின்றிருந்தார். அந்த முகத்தை இனி ஒருமுறை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"அப்ப நெய்டே?" என்றார். "ஏன்டா அவ சொல்லல?"

வீம்பையெல்லாம் விட்டு ஒரு மனுஷன் தனக்காகச் செய்ததை, வலிக்கிறது என்று எவள் சொல்வாள்?

கார்ச் சாவியை என் கையில் திணித்தார். முழு உயரத்துக்கு ஏற்றச் சொல்லிவிட்டு, நெய்டே உட்காரும் பக்கம் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஆஸ்பத்திரி வழியே ஓட்டினேன். கருங்கல் தெரு முழுக்கக் கார் எங்களைப் போட்டு உலுக்கியது. பாவி மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொறுக்க முடியாமல் காற்றைக் குறைக்கப் பொத்தான் பக்கம் கையைக் கொண்டுபோனேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"திருப்புடா" என்றார். "மறுபடி முதல்ல இருந்து போ."