கோபம் உட்கார்ந்த இடம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு, தன்னாமுனையில், மெயின் ரோட்டின் ஓரத்தில், கொதிக்கிற தாரில் நான் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன்.

தலை சுற்றவில்லை. நெஞ்சு வலிக்கவில்லை. வேண்டுமென்றேதான் உட்கார்ந்தேன். பார்த்தவர்களில் இரண்டு பேர் அதைப் படம் பிடித்து வொட்ஸ்அப்பில் அனுப்பியும் விட்டார்களாம். ஆகவே, கதை வேறு மாதிரி உங்களிடம் வந்து சேருவதற்கு முன்பு நானே சொல்லிவிடுவது நல்லது.

என் மூத்த மகள் றிஸ்னாவுக்கு இருபது வயது. ஏறாவூரிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் மட்டக்களப்பு டவுனுக்குப் போய் கம்ப்யூட்டர் டிப்ளோமா படிக்கிறாள். அன்றைக்கு அவளுக்கு இறுதிச் சோதனை. நான் பாடசாலையில் எட்டாம் வகுப்புக்குக் கணிதம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுடைய நம்பரில் இருந்து போன் வந்தது. பேசியது அவள் இல்லை. யாரோ ஒரு பெண். தன்னாமுனையில் விபத்து, புள்ளை கதைக்கிறா, பயப்படாதீங்க, இப்பதான் ஆம்புலன்சில் ஏற்றினோம் என்றார்.

மனைவிக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவள் தன் தம்பியோடு ஓட்டோவில் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

நியாயமாக நானும் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்க வேண்டும். இல்லையா? ஆனால் தன்னாமுனை வழியில்தானே இருக்கிறது. ரோட்டோரம் அவளுடைய ஸ்கூட்டி மடங்கிக் கிடந்ததைக் கண்டேன். பக்கத்தில் ஒரு செருப்பு. நிறுத்திவிட்டேன்.

கோபத்துக்கு மகளைவிட அவசரம் அதிகம்.

அங்கே ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு மெசின் நின்றது. அதன் பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், சேறு காயாத கால்களோடு நின்றார். பெயர் குணரெத்தினம் என்று பிறகு தெரிந்தது. வயலில் இருந்து வந்தவர், ஒழுங்கையில் இருந்து பார்க்காமல் மெயின் ரோட்டில் ஏறியிருக்கிறார். அவரைச் சுற்றி எங்கள் ஊர் இளைஞர்கள் ஏழெட்டுப் பேர். நான் வருவதற்கு முன்பே தகவல் கிடைத்து வந்துவிட்டார்கள். அவர்களுக்கு எதிரே தன்னாமுனை இளைஞர்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். எங்களுடையது முஸ்லிம் ஊர், அவர்களுடையது தமிழ் ஊர்.

இந்தப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. எங்களுக்கு விபத்து என்பது பத்து நிமிடத்துக்குத்தான் விபத்து. அதற்குப் பிறகு 'யார் அடித்தது?' என்று கேட்டால் ஆளின் பெயர் வராது... ஊரின் பெயர்தான் வரும்.

நான் போன வேகத்தில் அவருடைய சட்டைக் கொலரைப் பிடித்தேன். அவர் தடுக்கவில்லை. என் வலது கை தானாகவே பின்னால் போனது. இருபத்தேழு வருட ஆசிரியர் வாழ்க்கையில் நான் ஒரு பிள்ளைக்குக்கூட அப்படிக் கை ஓங்கியதில்லை.

"சேர், நீங்க ஒதுங்குங்க. நாங்க பாத்துக்கிறம்" என்றான் ஒருவன்.

திரும்பிப் பார்த்தேன். என்னிடம் படித்தவன். நல்ல பிள்ளை. ஆனால் அந்த நேரத்தில் அவன் கண் என் ஓங்கிய கையில்தான் இருந்தது. நான் அடிப்பதற்காக அவன் காத்துக்கொண்டிருந்தான். என் முதல் அடிதான் அவனுக்கு அனுமதி.

கோபம் வந்தால் நிற்கிறவர் உட்காருங்கள், அப்படியும் போகவில்லை என்றால் படுத்துவிடுங்கள் என்று நபியவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். காலைக் கூட்டத்தில் எத்தனை தடவை இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! சொல்லும்போதெல்லாம் அழகான உபதேசமாகத்தான் இருந்தது. செய்து பார்த்தது கிடையாது. வசதியான கதிரையில் இருந்துகொண்டு கோபப்படுகிறவனுக்கு உட்காருவது என்ன கஷ்டம்? இரண்டு ஊர் ஆட்களும் பார்க்க, ஒருவரின் கொலரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் உட்கார வேண்டுமே... அது வேறு.

கொலரை விட்டேன். உட்கார்ந்தேன்.

கூட்டம் குழம்பிவிட்டது. எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள். இரண்டு ஊர் இளைஞர்களும் ஒன்றாகக் குனிந்து என்னைப் பார்த்தார்கள். தண்ணீர் கேட்டேன். யாரிடமும் இல்லை. குணரெத்தினம்தான் மெசினில் கட்டியிருந்த கேனை அவிழ்த்துக் கொண்டுவந்தார். அந்தத் தண்ணீரில், தொழுகைக்கு முன்பு கழுவுகிற மாதிரி, ரோட்டோரத்திலேயே வுழூ செய்தேன். கை, வாய், முகம்... கடைசியாகக் கால்.

அவரும் என் முன்னால் குந்தினார்.

"பிழை என்னிலதான் காக்கா. வலப்பக்கம் பாக்காம ஏத்திட்டன். பொலிசிலயும் இதைத்தான் சொல்லுவன்" என்றார். எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடும் 'காக்கா' அவர் வாயிலும் வந்தது.

உட்கார்ந்திருக்கிறவனிடம் உட்கார்ந்து சொன்னதால்தான் அது என் காதில் விழுந்தது. நின்றுகொண்டு கேட்டிருந்தால் 'பிழை' என்ற முதல் சொல்லிலேயே அடித்திருப்பேன்.

எழும்பி, என் பழைய மாணவனிடம் ஸ்கூட்டியை ஓரமாக்கச் சொன்னேன். தன்னாமுனைப் பையன்கள் இருவர் அவனோடு சேர்ந்து தூக்கினார்கள். பொலிஸ் வந்தது. அவர் சொன்னபடியே சொன்னார். கூட்டம் கலைந்தது. நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

இத்தோடு முடித்திருந்தால் நல்ல பத்தியாக இருந்திருக்கும். எழுதியவனுக்கும் நல்ல பெயர். ஆனால் அன்றைய நாள் அத்தோடு முடியவில்லையே!

ஆஸ்பத்திரியில் றிஸ்னாவை ஸ்கேன் எடுக்க உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். தலையில் அடி, காலில் முறிவு என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். வெளியே போட்டிருந்த நீள வாங்கில் உட்கார்ந்து என் மனைவி ஜெஸீமா அழுதுகொண்டிருந்தாள். சத்தம் போடவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை. கண்ணீர் மட்டும் நிற்காமல் வந்தது.

எனக்குள் தன்னாமுனைச் சோதனையில் பாஸ் பண்ணிய திமிர் இருந்தது. ரோட்டில் அத்தனை பெரிய கோபத்தை அடக்கியவன் அல்லவா! அவள் பக்கத்தில் நின்று, சபூர் செய்யுங்க, பொறுமையா இருங்க, அழக்கூடாது, ஈமான் உள்ளவர்கள் இப்படி உடைந்து போகக்கூடாது என்றெல்லாம் ஒரு சின்ன பயான் செய்தேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நபியவங்க மகன் மவுத்தான நேரம் அழுதாங்க. நீங்க என்ன, அவங்களவிடப் பெரிய சபூர்காரரா?"

தன் குழந்தை இறந்தபோது நபியவர்கள் கண்ணீர் விட்டதை நானே பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். கோபத்தை உட்காரச் சொன்ன அதே மார்க்கம், கண்ணீரை உட்காரச் சொல்லவில்லை. கண் அழலாம், மனம் வருந்தலாம், வாய் மட்டும் இறைவனுக்குப் பிடிக்காததைச் சொல்லக் கூடாது... அவ்வளவுதான் எல்லை. கோபம் வந்தால் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறது. துக்கம் வந்தால் நாக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறது. நாமோ எல்லா உணர்ச்சிக்கும் ஒரே பூட்டைப் போட்டுவிட்டு அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்திருக்கிறோம்! பூட்டியது எல்லாம் உள்ளே புழுங்கி, வேறொரு நாள், வேறு யாரோ ஒருவர் மீது வெடிக்கும்போது மட்டும் 'இவருக்கு என்ன நடந்தது?' என்று கேட்கிறோம்.

வாங்கில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு இரண்டாவது முறை. இந்தத் தடவை கோபத்துக்காக இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மதிய லுஹர் தொழுகையில், நெற்றியைத் தரையில் வைத்த ஸுஜூதில், நானும் அழுதேன். நன்றாகவே அழுதேன்.

அல்ஹம்துலில்லாஹ், தலை ஸ்கேன் சுத்தமாக இருந்தது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். பத்தாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சோதனை போனது போனதுதான். அடுத்த வருடம்தான் இனி எழுதலாம்.

வீட்டுக்கு வந்த கிழமையே குணரெத்தினமும் அவர் மனைவியும் வந்தார்கள். ஒரு தயிர்ச்சட்டியும் பெரிய பூசணிக்காயும் கொண்டுவந்திருந்தார்கள். றிஸ்னாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, மன்னிச்சிருங்க மகள் என்றார். அவர் மனைவி அழுதார்.

எனக்கு என் மகள் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரியும் போலிருந்தது. நல்ல வளர்ப்பு, மார்க்கக் கல்வி... 'பரவாயில்லை அங்கிள்' என்று சொல்வாள். நாங்கள் எல்லோரும் தேநீர் குடிப்போம்.

அவள் காலில் போட்ட கட்டின் மேல் கையை வைத்தாள்.

"நீங்க வேணுமெண்டு செய்யல்ல எண்டு தெரியும் அங்கிள். ஆனா எனக்கு இன்னும் கோபமாத்தான் இருக்கு. இப்ப மன்னிச்சிட்டன் எண்டு சொன்னா அது பொய். மறுகா, கோபம் போன பிறகு சொல்றன்."

'மகள், மன்னிக்கிறதுதான் மேல்' என்று வாய்வரை வந்துவிட்டது. ஜெஸீமா என்னைப் பார்த்தாள். நான் அதை விழுங்கினேன்.

குணரெத்தினம் தலையை ஆட்டினார். அவருக்கு அது மனவருத்தமாக இருந்த மாதிரித் தெரியவில்லை. பாரம் கொஞ்சம் குறைந்த மாதிரித்தான் இருந்தது.

"ஓம் மகள், ஆறுதலாச் சொல்லுங்க. நான் இருப்பன்" என்றார். தேநீர் குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

மன்னிப்பது நம் மார்க்கத்தில் பெரிய காரியம். சந்தேகமே இல்லை. ஆனால் பெரிய காரியத்தை விருந்தாளிக்கு முன்னால் கூச்சத்துக்காகச் செய்துவிட முடியுமா? கோபம் இருக்கிறது என்று மரியாதையாக, கை ஓங்காமல், பொய் சொல்லாமல் சொன்னாளே... என் ஐம்பத்திரண்டு வயதில் நான் ரோட்டில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதை அவள் கட்டிலில் படுத்துக்கொண்டே செய்துவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் கூப்பிட்டாள். அந்த அங்கிளின் போன் நம்பர் இருக்கிறதா வாப்பா என்று கேட்டாள். கொடுத்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

எதற்கு என்று கேட்கவில்லை. தகப்பன்மாருக்கு எல்லா உணர்ச்சியையும்விட அடக்கக் கஷ்டமானது அந்தக் கேள்விதான்!