மதில் மூலையிலிருந்து நூறு கஜம்

கோவில்பத்திலிருந்து தினமும் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஸ்கூட்டரில் கிளம்புவார்கள். வரிச்சிக்குடிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் சலோமி அறிவியல் டீச்சர். அதே சாலையில் மார்ட்டினுக்குப் பெட்டிக்கடை. மிட்டாய் விற்று என்ன கிடைத்துவிடும்? சிகரெட்தான் கடையைத் தூக்கி நிறுத்தியது. "பெரியவங்களுக்கு மட்டுந்தான் குடுக்குறேன்" என்று மாதா படத்தைக் காட்டி அவர் சொன்னதை அவளும் நம்பினாள். நம்பாமல் எப்படிக் குடும்பம் நடத்துவது?

பள்ளியில் போதைத் தடுப்புப் பொறுப்பும் அவள் தலையில்தான். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு வாரம் ஒரு பாடம். கூட்டாளி சிகரெட்டை நீட்டினால் எப்படி மறுப்பது என்று நடித்துக் காட்டச் சொல்வாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இந்த வருஷம் கூடுதலாக இன்னொரு வேலை வந்தது. பள்ளியைச் சுற்றி நூறு கஜம் அளந்து சாலையில் மஞ்சள் கோடு போட வேண்டும். கோட்டுக்கு உள்ளே புகையிலை விற்கக் கூடாது.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் டேப்பைப் பிடித்தார்கள். சலோமி பள்ளி கேட்டிலிருந்து அளக்கச் சொன்னாள். தெரியாமல் சொன்னாள் என்றால் யார் நம்புவார்கள்? மார்ட்டின் கடை நூற்று மூன்றாவது கஜத்தில் வந்தது. அப்பாடா!

"மிஸ், மதிலு மூலையிலேருந்துல்ல அளக்கணும்? நீங்கதானே சட்டத்தக் கிளாஸ்ல படிச்சுக் காட்டுனீங்க" என்றாள் டேப் முனையைப் பிடித்திருந்த ஓவியா.

சலோமிக்கு முகம் சுண்டிப் போயிற்று. இதை மழுப்பிவிட்டு நாளைக்கு எந்த மூஞ்சியோடு பாடம் நடத்துவது? டேப்பைச் சுருட்டச் சொல்லி, மதில் மூலையிலிருந்து மறுபடி அளந்தாள். கடை எழுபத்தெட்டாவது கஜத்தில், கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டது.

மார்ட்டின் கடையிலிருந்து இறங்கி வந்து அவளை ஓரமாக இழுத்தார். "ஏண்டி, எம் பொழப்புல மண்ணள்ளிப் போடுறியா? கோடு போட்டா எல்லாரும் திருந்திருவானுவளா? ஒங் கிளாஸு பயலுவளே ரெண்டு பேரு எங்கிட்டதான் வாங்குறானுவ!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

யார் என்றுகூடச் சலோமி கேட்கவில்லை. பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் அவர் கையில் திணித்தாள்.

"கோட்ட நீங்களே போடுங்க."

"புள்ளைங்கல்லாம் பாக்குதுவடி..."

"பாக்கட்டும்."

மார்ட்டின் குந்தி உட்கார்ந்து கோட்டை இழுத்தார். அவர் நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம் பிள்ளைகள் வரிசையில் இரண்டு தலைகள் குனிந்தன. யாரென்று சலோமிக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பேருக்கும் பன்னிரண்டு வயது.